மகளுக்கு ஒரு சொட்டு

ஐம்பத்து நாலு வயதில் மயிலம்மாளுக்குக் கண் இமையில் முடி வளர்ந்தது. தலையில் இருக்கிற முடி சீப்போடு வந்துகொண்டிருந்த காலத்தில் இமை முடி மட்டும் கறுகறுவென்று நீண்டு, மேல் நோக்கி வளைந்து நின்றது. புக்கிட் ரெண்டாங் தோட்டத்து லயத்தில் அதை முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு தனலெட்சுமி. சாயங்காலம் காய்கறி லோரி வந்து நிற்கும் இடத்தில், நாலு பேர் கேட்கும்படிதான் அவளுக்குப் பேச வரும்.

"என்னாக்கா, ஒட்டு முடியா? அண்ணனுக்கு இந்த வயசுல என்னா திடீர் ஆச லா?"

"போடி இவளே. ஆஸ்பத்திரி மருந்துடி. கண்ணுல அழுத்தம்னு சொட்டு குடுத்தாங்கல்ல, அதப் போட ஆரம்பிச்சதுலேருந்து இது பாட்டுக்கு வளருது."

"எனக்கும் ரெண்டு சொட்டு குடேன், எங்க வீட்டு ஆளு திரும்பியாச்சும் பாப்பாரு."

லோரிக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மயிலம்மாள் கங்கோங் கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு முகம் சிவக்க வீட்டுக்கு வந்தாள்.

அவள் புருஷன் கணேசமூர்த்திக்கு, உள்ளதைச் சொல்லப்போனால், சந்தோஷம்தான். முப்பது வருஷம் கூடவே இருந்த முகம். அதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று இருந்தவர், அவள் முறத்தில் நெத்திலியைப் பரப்பி மண் பொறுக்கும்போது குனிந்த கண்ணைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்னாங்க அப்புடிப் பாக்குறீங்க, வேல இல்லையா?" என்பாள். "டீவியில ஒண்ணும் இல்ல மயிலு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். வயசுக்கு ஏற்ற கூச்சம் அவருக்கு உண்டு.

அழுத்தம் என்பது ரத்த அழுத்தம் இல்லை. கண்ணுக்குள் இருக்கிற அழுத்தம். இனிப்பு நீர் வியாதிக்காகத் தம்பின் கிளினிக்கில் சோதிக்கப் போனபோது யாரோ கண்டுபிடித்து, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கண் டாக்டர் நுஸ்ரத் என்று ஒரு பெண். தமிழ் பேசினாள். முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. இடது கண் ஏற்கெனவே கொஞ்சம் கெட்டிருக்கிறது. தினம் சாயங்காலம் ரெண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு சொட்டு, ஆயுசுக்கும். கட்டை விரல் அளவுப் போத்தல், மாதத்துக்கு ஒன்று. ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற குழியில் அது நிற்கும்.

தோட்டத்தில் முக்கால்வாசி எண்ணெய் எடுக்கிற செம்பனையாகிவிட்டது. ஆற்றோரம் மலைக்காடு என்று சொல்கிற ஒரே ஒரு துண்டு மட்டும் இன்னும் ரப்பராக நின்றது. அதில் பால் வெட்டுகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஒன்பது பேர் வங்காளதேசத்துப் பையன்கள். மிச்சம் மூன்று பேரில் இரண்டு பேர் இவர்கள். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் பக்கத்துப் பக்கத்து நிறை, ஆளுக்கு ஒரு மர வரிசை. மயிலம்மாளின் வெட்டு அந்த வட்டாரத்தில் பேர்போனது. கத்தியை வைத்து இழுத்தால் பட்டை ஒரே சீவலாக வரும், பால் கோடு பிசகாமல் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் போய் விழும். மரத்தின் உள் கட்டையில் கத்தி பட்டால் அது காயம். காயம் பட்ட இடம் புடைத்துப் போய், பிறகு அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. மயிலம்மாளின் நிறையில் காயம் தேடினால் கிடைக்காது. புதிதாக வரும் பையன்களைக் கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் முருகையா அவள் மரத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "தெங்கோ, மாச்சாம் இனி", பார், இந்த மாதிரி, என்று மலாயில் சொல்லிக் காட்டுவார். அப்படிக் காட்டப்படுவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்தால் என்ன.

மகள் மாதவி சிரம்பானை ஒட்டின பாரோயில் ஒரு சலூனில் வேலை செய்தாள். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வதில் கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை சலூன் அடைப்பு, காடியை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவாள். போன தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அவள் வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வீட்டுக்குள் வந்தும் கழற்றவில்லை.

கணேசமூர்த்தி வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நடந்தது முழுக்க அவர் காதில் விழுந்தது.

"கழட்டுடி. என்னா மறைக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா."

"கழட்டுங்குறேன்ல... ஐயோ, என்னாடி இது! யாராச்சும் அடிச்சாங்களா?"

"யாரு அடிப்பா? சீரம் மா. ஆன்லைன்ல வாங்குனேன். இமை முடி வளர்றதுக்கு."

மாதவிக்கு இமை முடி கொட்டிப்போயிருந்தது. தொழில் பழகுகிறேன் என்று தன் கண்ணிலேயே ஒட்டு முடியை ஒட்டி ஒட்டிப் பிய்த்ததில், பசையோடு சொந்த முடியும் வந்துவிட்டது. சீரம் போட்டதும் முடி வளர்ந்ததாம். கூடவே கண் சிவந்தது, அரிப்பு எடுத்தது, மேல் இமை கரி அப்பின மாதிரி கறுத்தது. பயந்து நிறுத்தினாள். நிறுத்தினதும் வளர்ந்த முடி திரும்பக் கொட்டியது.

"ஆவணில கல்யாணத்த வச்சுக்கிட்டு இந்த மூஞ்சோட எப்புடிம்மா உக்கார்றது? ஊருக்கெல்லாம் நான்தான் மேக்கப் போடுறேன். 'இவளுக்கே கண்ணு மொட்டையா இருக்கு'ன்னு சிரிக்க மாட்டாங்களா? ஹேமா வீட்டு ஆளுங்க எல்லாம் சும்மா இருப்பாங்களா?"

ஹேமா என்றால் மாப்பிள்ளை ஹேமநாதன். அவன் ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை. இருந்தாலும் அவள் அழுதாள். மயிலம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"அதுல என்னாதான்டி கலந்திருக்கான்?"

"டப்பாவுல பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்கு. ஃபோன்ல தேடிப் பாத்தேன். உன் சொட்டு மருந்துல இருக்குல்ல, அந்த மாதிரி வகைதானாம். அதான் உனக்கும் வளருது."

"அப்ப என்னோடத போடு."

"அம்மா..."

"என்னா அம்மா? உன்னோடத எவனோ எங்கேயோ காச்சி ஊத்துனது. என்னோடது கவர்மெண்டு ஆஸ்பத்திரில குடுத்தது. டாக்டர் குடுத்தது கெடுதல் பண்ணுமா? எனக்குப் பாரு, ரெண்டு வருசமா போடுறேன், செவந்துச்சா, கறுத்துச்சா?"

"உனக்குப் பத்தாதும்மா."

"ரெண்டு போத்தல் குடுக்குறாங்கடி இப்ப. ஒண்ணு சும்மாதான் கெடக்கு."

வாசலில் இருந்தவர் கத்தியைத் தண்ணீரில் நனைத்துத் தீட்டுக் கல்லில் வைத்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு போத்தல்தான் நிற்கும். தினமும் குளிர்ந்த தண்ணீர் எடுக்கத் திறக்கிற கதவு. இன்னொன்று உள்ளே எங்காவது இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பொம்பளைகள் விஷயம் என்று இருந்துவிட்டார்.

மாதவியின் சீரம் குப்பியைச் சுடுதண்ணீரில் கழுவி, அதிலேயே சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. மூடியோடு சின்னத் தூரிகை இருந்ததால் அது வசதி. ஞாயிறுதோறும் மாதவி வாங்கிப்போனாள். தை மாதத்துக்குள் முடி வந்துவிட்டது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று மயிலம்மாள் லயத்துக்கே காட்டினாள்.

சித்திரையில் ஒரு நாள் காலையில் கணேசமூர்த்தி முதல் காயத்தைப் பார்த்தார்.

மங்குகளைத் துடைத்துக்கொண்டே நிறை மாறி நடந்தவர், மயிலம்மாளின் மரத்தில் பட்டைக்கு அடியில் வெள்ளையாகக் கட்டை தெரிவதைக் கண்டு நின்றார். அடுத்த மரத்தில் இன்னொன்று. ஆழம் பிடிபடாத கத்தி. நேற்று சேர்ந்த பையனின் வெட்டு என்றால் நம்பலாம். அவள் நாலு மரம் தள்ளி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். முந்தின ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள், கல்யாண யோசனை என்று அவராகவே ஒரு காரணம் கட்டிக்கொண்டார்.

முருகையா பார்த்தால் என்ன ஆகும்? திட்ட மாட்டார். அதுதான் பயம். "வயசாயிருச்சு தங்கச்சி, நீ செம்பனைக்குப் போயி உதிரிப் பழம் பொறுக்கு" என்று பக்குவமாகச் சொல்வார். அதை அவள் தாங்க மாட்டாள். கணேசமூர்த்தி ஓடைக்கு இறங்கி ஒரு கை களிமண் எடுத்து வந்து, காயத்தில் அப்பி, மேலே பாசியைத் தேய்த்துவிட்டார். எட்டி நின்று பார்த்தால் தெரியாது. அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று ஆனது. அவள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனதும் இவர் மண் எடுக்கப் போவார். ஒரு வார்த்தை அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் மனசு நோகும் என்று இருந்தார். இன்றைக்கு நினைத்தால் தன் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது அவருக்கு.

ஆடி மாதம் பிறந்து, ரெண்டு நாள் அடைமழை பெய்து ஓய்ந்த காலையில், மயிலம்மாள் வாளியோடு கான் என்கிற வாய்க்காலில் விழுந்தாள். இருபது வருஷமாகத் தாண்டுகிற கான். இடது பக்கம் கரை இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தாளாம். பால் முழுவதும் கானில் வெள்ளையாக ஓடியது. முழங்கை தோல் உரிந்ததைக்கூடப் பார்க்காமல் அவள் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரை தெரியலையா மயிலு?"

"தெரியலீங்க."

"எப்பேருந்து தெரியல?"

கணேசமூர்த்தி தன் உள்ளங்கையால் அவளது வலது கண்ணை மூடினார். "வாளி எங்க கெடக்கு?" என்று கேட்டார். கானில் கிடந்த வாளிக்கு நேர் எதிரே, காட்டுப் பக்கமாக அவள் கையை நீட்டினாள்.

அன்றைக்கே சிரம்பானுக்குப் போனார்கள். மாதவிக்குப் போன் போட்டதும் அவள் பாரோயிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தாள்.

டாக்டர் நுஸ்ரத் அழுத்தம் பார்த்தாள். திரும்ப ஒரு முறை பார்த்தாள். கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் நகர்த்தி மயிலம்மாளின் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, சித்திரை செக்கப்ல ரெண்டு கண்ணும் அழுத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ரைட் நல்லா இருக்கு. லெஃப்ட் எங்கேயோ போயிருச்சு. மருந்து தினமும் போடுறீங்களா?"

"போடுறேன் டாக்டர்."

"ரெண்டு கண்ணுக்குமா?"

"ம்."

"அப்ப ரைட் கண்ணுல முடி இவ்ளோ நீளமா இருக்கு, லெஃப்ட்ல ஏன்மா இல்ல?"

கணேசமூர்த்தி திரும்பிப் பார்த்தார். வலது இமையில் அந்தக் கறுத்த, வளைந்த முடி அப்படியே இருந்தது. இடது இமையில் பழைய மயிலம்மாளின் குட்டையான, மெலிந்த முடி. ஒன்பது மாதமாகத் தினமும் எதிரில் உட்கார்ந்து சோறு தின்ற முகம். அவர் இதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார். அந்தப் பக்கம் சாய்ந்து படுப்பதால் தேய்ந்திருக்கும் என்று நினைத்து, பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்.

"அம்மா, ரெண்டாவது போத்தல்னு சொன்னியே" என்றாள் மாதவி. அவள் குரலே மாறிவிட்டது.

மயிலம்மாள் முந்தானையை விரலில் சுற்றினாள். "மாசத்துக்கு ஒண்ணுதான். எடது கண்ணு சொட்டத்தான் உன் குப்பில விட்டேன். எனக்கு வலது நல்லாத் தெரியுதே. உன் கல்யாணம் முடியிற வரைக்குந்தான்னு நெனச்சேன்."

"அப்ப செக்கப்ல எப்புடிம்மா நல்லாருந்துச்சு?" என்றாள் டாக்டர்.

"இங்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேருந்து ரெண்டு கண்ணுக்கும் ஒழுங்காப் போட்டுருவேன் டாக்டர். அந்த வாரம் பாப்பாவுக்குக் கொஞ்சம் கம்மி."

டாக்டருக்குப் புரிய நேரம் பிடித்தது. கணேசமூர்த்திக்கு உடனே புரிந்தது. பெரிய துரை வருகிறார் என்று தேதி சொல்லிவிட்டால், அதற்கு முந்தின வாரம் தோட்டமே தலைகீழாகும். கான் வெட்டுவார்கள், புல் சீவுவார்கள், பாதையோர மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். துரை காடியில் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார். பிறகு பழைய கதைதான். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகினது. கண்ணையும் அவள் அப்படியே காட்டியிருக்கிறாள். இந்தத் தடவை துரை சொல்லாமல் வந்துவிட்டார்.

"சரி பண்ண முடியாதா டாக்டர்? ஆப்ரேசன்?" என்று கேட்டார் கணேசமூர்த்தி.

"லெஃப்ட்ல நரம்பு செத்துருச்சுங்க ஐயா. அதுக்கு ஆப்ரேஷன் இல்ல. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் தெரியும். ரைட்ட காப்பாத்தணும். லெஃப்ட்லயும் மருந்து விட்டுத்தான் ஆகணும், இல்லேன்னா வலி வரும்." பிறகு அவள் மாதவியைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. மேல் இமைக்கு மேல குழி விழுந்திருக்கு, தெரியுதா? கண்ணச் சுத்தி இருக்குற கொழுப்பு வத்தியிருக்கு. இந்த மருந்தும் பண்ணும், கடையில விக்கிற சீரமும் பண்ணும். சாமான் ஒரே வகை. சிலதுல பேரு பொடி எழுத்துல இருக்கும், சிலதுல எழுதவே மாட்டாங்க. அதோட, கழுவுன குப்பில மருந்த ஊத்தி வச்சிருக்கீங்க. கிருமி போயிருந்தா உங்க கண்ணும் போயிருக்கும்."

"எனக்கு சரியாயிருமா?"

"நிப்பாட்டுனா கொஞ்சம் கொஞ்சமா ஆகும். முழுசா ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

மாதவி அங்கேயே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கல்யாணமே வேண்டாம் என்றாள். மயிலம்மாள் அவள் தலையைத் தடவக் கையைக் கொண்டுபோனாள். கை முதலில் நாற்காலிப் பிடியில் பட்டது.

"எந்திரி, அழுவாத. கண்ணு இன்னும் வீங்கிரும்டி" என்றாள்.

கல்யாணம் நடந்தது. தள்ளி வைக்கலாம் என்று ஹேமநாதனே சொன்னான், மயிலம்மாள் ஒப்பவில்லை. மாதவி அன்றைக்கு ஒட்டு முடி வைக்கவில்லை. மை மட்டும் தீட்டிக்கொண்டு, குழி விழுந்த கண்ணோடு மணவறையில் உட்கார்ந்தாள். அவளிடம் அலங்காரம் செய்துகொண்ட பெண்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். தாலி கட்டும் நேரத்தில் சம்பந்தி அம்மாள் இடது பக்கமாக வந்து மஞ்சள் அரிசித் தட்டை நீட்ட, மயிலம்மாள் பாட்டுக்கு நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டு அப்படியே நின்றது. "பொண்ணக் குடுக்கறவங்களுக்கே இவ்வளவு திமிரு இருந்தா..." என்று சம்பந்தி முணுமுணுத்தது கணேசமூர்த்திக்குக் கேட்டது. ஓடிப்போய்த் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து மயிலம்மாளின் கையில் வைத்தார். அதிலிருந்து கூட்டம் கலைகிற வரைக்கும் அவளது இடது பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை.

இப்போது மருந்து போடுவது அவர் வேலை. ஏழு மணிக்குச் செய்தி முடிந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து போத்தலை எடுப்பார். அவள் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்ப்பாள். வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று. மூன்று மாதத்தில் இடது இமையிலும் முடி திரும்ப வளர்ந்துவிட்டது. ரெண்டு கண்ணும் சமமாக, பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி இருந்தது. விஷயம் தெரியாத காய்கறி லோரிக்காரர் "அக்கா கண்ணு இன்னும் அப்படியே இருக்கு லா" என்றபோது, தனலெட்சுமி அவரை அதட்டிவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், மழை ஓட்டில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. கணேசமூர்த்தி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல் நின்றார். இதற்கு மேல் உள்ளேயே வைத்திருக்க அவரால் முடியவில்லை.

"மயிலு, நான் ஒண்ணு சொல்லணும். சித்திரையிலயே பாத்துட்டேன். உன் மரத்துல காயம் இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, நெறைய. முருகையா பாத்துருவாருன்னு நான்தான் மண்ணு பூசி மறைச்சேன். அன்னிக்கே உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா..."

"தெரியுங்க."

"என்னா தெரியும்?"

"நீங்க மண்ணு பூசுனது. மறுநாள் வெட்ட வரும்போது வெரலால தடவிப் பாத்துதான கத்திய வைப்பேன். கையில மண்ணு ஒட்டும். நம்ம நிறையில வேற யாரு வந்து பூசப்போறா?"

மழைச் சத்தத்தில் அவள் கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"எனக்கும் உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு. நீங்க கேட்டா சொல்லிருவோம்னுதான் இருந்தேன். தெனம் வீட்டுக்கு வந்தா உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். நீங்க ஒண்ணும் கேக்கல. இவரே பாத்துட்டுச் சும்மா இருக்காருன்னா பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்."

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. போத்தலைக் கவிழ்த்தார். முதல் சொட்டு அவள் கன்னத்தில் விழுந்து ஓடியது.

"வீணாக்காதீங்க" என்றாள் மயிலம்மாள், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. "இன்னொரு தடவ போடுங்க."